முழுத்தாடைக்கு இம்ப்ளான்ட்: கழற்றும் செட்டா, திருகிய பல்லா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல் செட் பற்றி வரும் புகாரில் பெரும்பகுதி கீழ் செட்டைப் பற்றியதுதான். மேல் செட் அண்ணத்தை முழுக்க மூடி, எச்சில் படலத்தின் உறிஞ்சுபிடியில் நின்றுவிடும். கீழே அந்தப் பரப்பு கிடையாது. உள்ளே நாக்கு தள்ளும், வெளியே கன்னம் தள்ளும். போதாததற்கு, பல் போனபின் கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட அதிகமாகக் கரைகிறது. இட்லிக்கு அசையாத செட், சீப்புச் சீடையைக் கடித்ததும் மறுபக்கம் எழும்பிக்கொள்வது இதனால்தான். ஆகவே இம்ப்ளான்ட், அதாவது பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு, வைக்கப் போகும்போது ‘முழுவாய்க்கும் எவ்வளவு?’ என்று ஒரே தொகை கேட்காமல், மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே விடை வரவேண்டியதில்லை.

கீழ்த்தாடைக்கு 2 இம்ப்ளான்ட்

கோரைப்பல் இருந்த இடத்தில், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று 2 டைட்டானியம் திருகு. அவற்றின் தலையில் லொக்கேட்டர் எனப்படும் குட்டையான குமிழ். செட்டின் அடியில் அதைக் கவ்விக்கொள்ளும் நைலான் மூடி. அவ்வளவுதான் அமைப்பு. முன்தாடையில் வைப்பதால் கீழுதட்டுக்குப் போகும் நரம்பைத் தவிர்ப்பது எளிது. கீழ்த்தாடையில் ஒரு பல்கூட இல்லாதவருக்குக் குறைந்தபட்சம் இதைத்தான் முதலில் பரிந்துரைக்க வேண்டும், வெறும் செட்டை அல்ல என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் 2002-லேயே அறிவித்தார்கள். அப்படியிருந்தும், விலை கூடிய வழிகளுக்கு நடுவே இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். எங்கள் கணிப்பில், எழுபது வயதைத் தாண்டி, பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஓர் ஆச்சிக்கு முதலில் பேச வேண்டியது இதைத்தான். குழாயடியில் கழற்றிக் கழுவலாம். கை நடுங்கினால் உதவிக்கு இருப்பவர் கழுவித் தரலாம்.

குறைகளும் உண்டு. பின்பக்கம் செட் ஈறின் மேல்தான் உட்காருகிறது. அங்கே எலும்பு மேலும் கரையும்போது செட் ஆடும், அடிப்பாகத்துக்குப் புது அக்ரிலிக் (செட் செய்யும் பிளாஸ்டிக்) பூச வேண்டும். நைலான் மூடி தேயும் பொருள். ஆண்டுக்கொரு தடவை மாற்றும்படி வரலாம், மாற்றுவது சில நிமிட வேலை. நோயாளியே கெடுத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு: செட்டை வாயில் வைத்துக் கடித்து அழுத்துவது. கோணலாக இறங்கினால் நைலான் ஓரம் சிதைந்து பிடி போய்விடும். இரண்டு கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் அழுத்தி ‘டக்’ என்று உட்காரவைக்க வேண்டும். லொக்கேட்டர் தலையின் நடுவில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதில் பருப்பு மாவு இறுகிப்போனாலும் செட் முழுக்க இறங்காது. கவ்வும் பகுதி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள், மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும். குமிழுக்கும் மூடிக்கும் இடம் விட்டபின் அக்ரிலிக் மெலிந்து செட் குறுக்கே உடைவதும் நடக்கும். உள்ளே உலோக வலை வைக்கச் சொல்லுங்கள்.

மேல்தாடைக்கு இந்தக் கணக்கு செல்லாது. எலும்பு மென்மையானது, அண்ணத்தைத் திறந்துவிட்ட செட் வேண்டுமென்றால் 4 இம்ப்ளான்டாவது வேண்டும். மேல் செட் ஏற்கெனவே நன்றாக நிற்கிறது என்றால் அதை விட்டுவிட்டுக் கீழே மட்டும் செலவழிப்பது குறையல்ல.

திருகி நிறுத்தும் பல்: நாலா, ஆறா?

ஒரு தாடையின் பல் முழுவதையும் 4 இம்ப்ளான்டின் மேல் திருகி நிறுத்தும் ‘ஆல் ஆன் ஃபோர்’ முறையை 1990-களின் கடைசியில் லிஸ்பனில் பாவ்லோ மாலோ வடிவமைத்தார். முன்னே 2 நேராக, பின்னே 2 சாய்வாக, 45 டிகிரி வரை. சாய்ப்பதால் மேலே சைனஸ் அறையையும் (மேல்தாடைக்கு மேலுள்ள காற்றறை) கீழே நரம்பையும் தவிர்த்து, எலும்பு ஒட்டு வைக்காமலே பின்பல் வரை எட்ட முடிகிறது. இம்ப்ளான்ட் இறங்கும்போது 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவு இறுக்கம் கிடைத்தால், அன்றோ அடுத்த சில நாளிலோ தற்காலிக அக்ரிலிக் பல்லைத் திருகிவிடலாம். அந்த இறுக்கம் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

‘ஒரே நாளில் பல்’ என்று விளம்பரம் சொல்வது இந்தத் தற்காலிகப் பல்லைத்தான். நிரந்தரப் பல் 3 முதல் 6 மாதம் கழித்துத்தான். இடைப்பட்ட காலத்தில்தான் தப்பு நடக்கிறது. முதல் நாள் இருந்த இறுக்கம் பழைய எலும்பின் பிடி. அது மெல்லத் தளர்ந்து, புது எலும்பு வளர்ந்து பிடிக்க வேண்டும். மூன்றாம், நான்காம் வாரத்தில் பிடி மிகக் குறைவு. ஆனால் அப்போது வலி இருக்காது, வாயில் பல் இருக்கிறது, எதிரே முறுக்கு இருக்கிறது. இம்ப்ளான்ட் 100–150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் சுற்றி வளரும். பிறகு அது ஒட்டவே ஒட்டாது. இரண்டு மாதமாவது இடியாப்பம், குழைந்த சாதம், மசித்த பருப்பு, கும்மாயம் என்று ஓட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கும்மாயத்தை விட்டுவிடலாம்.

ஆறு வைத்தால் என்ன கூடுதல்? நாலில் ஒன்று போனால், அவற்றின் மேல் ஒரே துண்டாக நிற்கும் பல்வரிசை, அதாவது பாலம், முழுவதும் ஆபத்தில். ஆறில் ஒன்று போனால் ஐந்தின் மேல் பெரும்பாலும் சமாளிக்கலாம். கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது, அங்கே நாலே போதும் என்பது எங்கள் கருத்து. மேல்தாடையில் எலும்பு இருந்தால் ஆறு நல்லது. ஆறு வைப்பதற்காகவே சைனஸ் உயர்த்தும் அறுவை தேவைப்பட்டால், அந்தக் கூடுதலுக்கு அர்த்தம் குறைகிறது.

இன்னொன்று, முன்கூட்டியே தெரிந்தாக வேண்டியது. உலோகச் சட்டத்தின் மேல் அக்ரிலிக் பல் கட்ட, இம்ப்ளான்ட் தலையிலிருந்து கடிக்கும் மட்டம் வரை சுமார் 15 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் எலும்பைச் சீவுவார்கள். சீவிய எலும்பு திரும்ப வராது. பின்னாளில் இம்ப்ளான்ட் தோற்றால் சாதாரண செட்டுக்கும் மேடு இருக்காது. எவ்வளவு சீவப்போகிறார்கள் என்பதைச் சி.பி.சி.டி. (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) ஸ்கேன் படத்திலேயே காட்டச் சொல்லுங்கள்.

பல்லின் பொருளில், அக்ரிலிக் தேயும், ஒற்றைப் பல் தெறிக்கும்; ஆனால் கழற்றி ஒரே நாளில் ஒட்டலாம். ஜிர்கோனியா என்ற கெட்டியான பீங்கான் வகை தேயாது, கறை ஏறாது. விரிசல் விட்டால் பெரும்பாலும் முழுத் துண்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். மதுரைக்கோ திருச்சிக்கோ அடிக்கடி போய்வர முடியாதவர் இதை யோசிக்க வேண்டும்.

சுத்தம் செய்வதுதான் நிலையான பல்லின் கடினமான பகுதி. பாலத்துக்கும் ஈறுக்கும் இடையே தினமும் நீர்ப்பாய்ச்சும் கருவியோ தடித்த நூலோ போக வேண்டும். போகாவிட்டால் ஈறு வீங்கி, சீழ் வைத்து, இம்ப்ளான்டைச் சுற்றிய எலும்பு வலியில்லாமலே கரையும்.

மூன்று நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லும் பேசல் இம்ப்ளான்ட், தாடையின் ஆழத்திலுள்ள கெட்டி எலும்பைப் பிடிக்கும் வகை, ஒரே துண்டாக இருக்கும். பல்லைப் பொதுவாக சிமென்ட் வைத்து ஒட்டுவார்கள். எலும்பு மிகக் குறைந்தவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு. ஒன்று ஆடத் தொடங்கினால் திருகைக் கழற்றிப் பார்க்கும் வழி இல்லை, பாலத்தை அறுக்க வேண்டும். மற்ற வழி திறந்திருக்கும்போது இதை நாங்கள் முதலில் சொல்லமாட்டோம்.

எந்த வழியானாலும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: சர்க்கரையின் மூன்று மாத சராசரி, புகை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குச் சாப்பிடும் அலென்ட்ரோனேட் போன்ற மருந்து. பாக்கு மெல்பவர் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்க முடியாவிட்டால் பின்பக்கம் கருவியே போகாது.

ரசீதில் தற்காலிகப் பல், நிரந்தரப் பல், ஸ்கேன், நைலான் மாற்றம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். ஒவ்வொரு இம்ப்ளான்டின் பெட்டியிலும் கம்பெனி, விட்டம், நீளம், லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். அதை அட்டையில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். திருகாணிக்கான சாவி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அந்த அட்டை இல்லாமல் சிங்கப்பூரில் வைத்த பல்லைக் காரைக்குடியில் திறக்கப் போனால், முதலில் எந்தக் கம்பெனி என்று தேடவே பல நாள் போகும்.