பழைய பிக்கப்புக்கு இன்ஜின் வேலை: 1,38,000 ரூபாய் போச்சு, யாரும் ஏமாறாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் பழைய சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அடுத்தவருக்கும் அனுப்புங்கள். செலவு பண்ணி ஓட்டுவதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்ற யோசனையில் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். எங்களுக்குப் போனது 1,38,000 ரூபாய். வீட்டு நகையை அடகு வைத்து எடுத்த பணம். கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுடையது 2011 மாடல் டீசல் பிக்கப். ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று ஓடுகிற வண்டி. இந்த டைல்ஸ் சூளையில் சுடுகிற சாமான் இல்லை. கண்ணாடி மேல் கலர் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கனம் அதிகம், ஓரம் சட்டென்று பெயர்ந்துவிடும். வழியில் வண்டி நின்று சரக்கை இறக்கி ஏற்றினால் நஷ்டம் நம் தலையில்.

வண்டியில் இழுவை குறைந்தது. நீலப் புகை வந்தது, ஆயிலும் குடித்தது. அந்தச் சமயத்தில் புதுவயலில் அரிசி லோடு அடிக்கும் ஒருவர், இருக்கிற கண்டிஷனிலேயே 1,90,000 தருகிறேன் என்று கேட்டார். எதற்கும் ஒரு வார்த்தை கேட்போம் என்று காரைக்குடியில் ஒரு டீசல் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பேர் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் பேரை இழுத்து வம்பு வேண்டாம்.

அந்த ஆள் பேசிய விதத்தை நான் மறக்கவே மாட்டேன். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, உள்ளங்கையை மேலே வைத்தார். குபுகுபுவென்று புகை அடித்தது. கையைத் திருப்பிக் காட்டினார், ரேகையெல்லாம் கறுப்பு ஆயில். "பொய் சொல்ல மாட்டேன் தம்பி, இன்ஜின் போச்சு. ஆனா சேசிஸ் தங்கம். இந்த மாதிரி பம்ப்பு வண்டி இனிமே வராது. இப்ப வர்றதெல்லாம் சென்சாரு, ஒண்ணு போனா கம்ப்யூட்டர் வச்சுத்தான் பார்க்கணும்" என்றார். ஸ்பேர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதிலேயே கணக்கும் போட்டார். புது வண்டி பத்து லட்சத்தைத் தொடும், மாதத் தவணை தனி. 1,38,000 போட்டால் இன்னும் பத்து வருஷம் கவலையில்லை. "அப்பாவோட வண்டின்னு சொல்றீங்க, அதை ஏன் விக்கிறீங்க?" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எனக்கு ஆத்திரமே. கம்ப்யூட்டர் இல்லாமல் மெக்கானிக்கல் பம்ப்பே டீசல் அனுப்புகிற பழைய வண்டியைச் சாதாரண ஒர்க்‌ஷாப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம், மூடியில் புகை அடித்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் 1,90,000 பெறுகிற வண்டியில் 1,38,000 போட்டால் அது 3,28,000 பெறாது என்பதை அவர் வாயே திறக்கவில்லை. 8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, காட்ட வேண்டும். அதற்கு டிங்கரிங், பெயிண்ட், டயர், பட்டை (ஸ்பிரிங்) வேலை என்று தனியாக ஒரு செலவு. அந்த அட்டையில் இதில் ஒன்றுகூட இல்லை. செலவு செய்யலாமா என்று செலவில் சம்பாதிக்கிற ஆளே தீர்ப்பு சொன்னால் வேறென்ன வரும்?

மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார். பில் என்று தந்தது ஜி.எஸ்.டி. எண் இல்லாத வெறும் தாள். ஆனால் அதில் தெளிவாக எழுதியிருந்தது: பிஸ்டன் செட், ஸ்லீவ், கிராங்க் கிரைண்டிங், மெயின் பேரிங், ராடு பேரிங் 0.25 சைஸ். கிராங்க் கிரைண்டிங் என்றால் இன்ஜினில் சுற்றுகிற தண்டைக் கடைந்து சீராக்குவது. கடைந்தால் தண்டு சிறுத்துவிடும், அதற்கேற்ற கெட்டிப் பேரிங்தான் இந்த 0.25 சைஸ்.

ஒரு மாதம்கூட ஓடவில்லை. ஐடிலில் ஆயில் லைட் மினுக்கியது. போன் செய்தேன். "ஓடி செட் ஆகணும் தம்பி" என்றார். அப்புறம் அடியிலிருந்து டக்டக் என்று சத்தம். நேரில் போனேன். ஓவர்லோடு ஏற்றியிருப்பீர்கள் என்றார். நான் லோடு ரசீதைக் காட்டினேன், ஒரு டன்தான். அப்படியானால் டீசல் சரியில்லை என்றார். திரும்பப் போனால் முதலாளி வெளியூர், ஆட்கள் திருவிழாவுக்குப் போயிட்டாங்க. போனை எடுக்கவே இல்லை. பக்கத்துக் கடைக்காரர் போனிலிருந்து அடித்தேன், முதல் ரிங்கிலேயே எடுத்தார்! என் குரலைக் கேட்டதும் கட்.

திருமயம் தாண்டி, புதுக்கோட்டைக்கு வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. பின்னால் புதுமனை புகுவிழா வீட்டுக்குப் போகிற டைல்ஸ். வேறு வண்டி பிடித்து ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினோம். ஓரம் உடைந்ததற்கு வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டது தனிக் கணக்கு.

வண்டியைப் புதுக்கோட்டையிலேயே வேறொரு மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துப் போனோம். வயதானவர், அதிகம் பேசவில்லை. ஆயிலை இறக்கியதும் விரலில் தொட்டுப் பார்த்து, "சத்தமும் புகையும் தெரியாம இருக்கக் கெட்டி ஆயில் ஊத்தியிருக்காங்க" என்றார். இன்ஜின் அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பைக் கழற்றி, பேரிங்கை எடுத்துத் துணியால் துடைத்து முதுகுப் பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். அதில் அச்சடித்திருந்தது எஸ்.டி.டி. அதாவது ஸ்டாண்டர்டு, கடையாத கிராங்குக்குப் போடுகிற சைஸ். கிராங்கைக் கடைந்திருந்தால் பில்லில் எழுதிய 0.25 சைஸ் பேரிங்தான் போட முடியும். முன்பக்கத்தில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. பழைய பேரிங்கையே திரும்பப் பூட்டியிருக்கிறார்கள்! பிஸ்டனும் பழசு. புதிதாகப் போட்டது ரிங் மட்டும். இதற்கா 1,38,000 ரூபாய்?

அந்த "தங்கம்" சேசிஸையும் பார்த்தோம். பின் பட்டை பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் விரிசல். பட்டி வைத்து, மேலே புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். லோடோடு அது விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

பேரிங்கை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போய்க் கேட்டேன். கிராங்க் கடைகிற லேத்துக்காரரைக் கேளுங்கள் என்றார். கேட்டேன். "உங்க கிராங்க் எங்கிட்ட வரவே இல்லையே, ஹெட்டு மட்டும்தான் ஃபேஸிங்குக்கு வந்துச்சு" என்றார் அவர். அதை ஒர்க்‌ஷாப்பில் சொன்னதும், "வெளியில பிரிச்ச இன்ஜினுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று எழுந்து போய்விட்டார். தம்பி என்ற வார்த்தையெல்லாம் அன்றைக்கு வரவில்லை. 1,38,000-இல் ஒரு ரூபாய் திரும்பவில்லை. வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் பிரித்த வண்டியை இப்போது 70,000-க்குக் கேட்கிறார்கள்.

சரி, பார்க்க வேண்டியவை. செய்யலாமா வேண்டாமா என்பதை வேலை பார்க்கப் போகிறவரிடம் கேட்காதீர்கள், இன்னொருவருக்குக் கூலி கொடுத்து இன்ஜின் கம்ப்ரஷன் (உள்ளே காற்றழுத்தம் நிற்கிறதா என்று) பார்க்கச் சொல்லுங்கள். பணம் போடும் முன் சேசிஸை அடியில் படுத்துப் பாருங்கள், புதுப் பெயிண்ட் இருந்தால் சுரண்டுங்கள். கழற்றிய பழைய சாமான் அத்தனையும் கைக்கு வர வேண்டும். பூட்டும் முன் பேரிங் முதுகில் இருக்கும் சைஸைப் போட்டோ எடுங்கள். லேத் பில்லைத் தனியாகக் கேளுங்கள். முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை.

ஏற்கெனவே மாட்டியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். சொந்தப் பிழைப்புக்கு ஓட்டுகிற வண்டி என்பதை மனுவில் மறக்காமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் வியாபாரத்துக்கான வண்டி என்று சொல்லித் தட்டிவிடப் பார்ப்பார்கள். நான் பில், பேரிங், போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். காரைக்குடியில் இதே மாதிரி கிராங்க் கிரைண்டிங் என்று பில் வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.