தம்பூனில் தங்குவதற்கு முன் பிள்ளையின் மதியத் தூக்கத்தை யோசியுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து, ஈப்போ பக்கத்துத் தம்பூன் ஒன்றும் தூர தேசம் இல்லை. செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான் வழியாகப் போனால் முக்கால் மணி நேரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் கண்ணில் படும். "இந்தத் தூரத்துக்கு ரூம் வேறு எடுக்கணுமா, போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாமே" என்றுதான் என் வீட்டுக்காரர் முதலில் சொன்னார், நானும் சரி என்றேன். அதற்கப்புறம் மூன்று முறை அங்கே இருக்கும் லாஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்பூன் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போயாகிவிட்டது. ஒரு முறை அன்றே வீடு திரும்பினோம், ஒரு முறை ஹோம்ஸ்டே, ஒரு முறை பூங்காவை ஒட்டிய ஹோட்டல். இப்போது யார் வந்து யோசனை கேட்டாலும் உங்கள் பிள்ளை மதியம் தூங்குமா என்றுதான் முதலில் கேட்கிறேன். தூங்கும் என்றால், பூங்காவில் என்னென்ன சறுக்கு இருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால் கட்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மகளுக்கு ஐந்து வயது, தாடிக்கா என்கிற பாலர் பள்ளிக்குப் போகிறாள். மகனுக்கு இரண்டு முடிந்து நாலு மாதம். அப்புறம் என் மாமியார், இருபத்தேழு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், இப்போது முழங்கால் வலியால் படி ஏற முடியாது. நான் எழுதுவதெல்லாம் இந்த மாதிரிக் குடும்பத்துக்குத்தான். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் எங்கே தங்கினாலும் சமாளித்துவிடலாம்.

அந்தப் பூங்கா 2004-இல் திறந்தபோது நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. வகுப்பில் போய்வந்த இரண்டு பேர் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் சுற்றுலா என்றால் வருடத்துக்கு ஒரு தடவை தோட்டத்து பஸ்ஸில் லாத்தா இஸ்கந்தார் அருவி, பொட்டலம் கட்டிய புளிச்சோறு, அவ்வளவுதான். அதனால் என் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. அந்த ஆசை அவசரத்தில்தான் முதல் தடவை ஒன்றையும் யோசிக்காமல் கிளம்பிவிட்டேன்.

முதல் தடவை மதியம் ஒன்றரை மணிக்குச் சின்னவன் அழ ஆரம்பித்தான். பசி இல்லை, காய்ச்சல் இல்லை, தூக்கம். நனைந்த உடம்போடு நாற்காலியில் படுக்க வைத்தால் எழுந்துவிடுகிறான், தோளில் போட்டால் சுற்றிலும் சத்தம். இரண்டரைக்கு இடி இடித்தது. பேராக்கில் மதியத்துக்கு மேல் மழை எப்படி வரும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். மின்னல் என்றால் திறந்தவெளியில் எல்லாரையும் தண்ணீரை விட்டு ஏறச் சொல்வதுதான் சரி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆளுக்கு அந்த ஒரு மணி நேரத்தை எங்கே கழிப்பது? ஈரத் துண்டோடு காரில் உட்கார்ந்தோம், கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது, மூன்றரைக்குக் கிளம்பிவிட்டோம். முழு நாளுக்கு டிக்கெட் எடுத்து மூன்று மணி நேரம்தான் தண்ணீரில் இருந்தோம். மகள் தஞ்சோங் ரம்புத்தான் வரைக்கும் அழுதாள்.

இரண்டாவது தடவை பள்ளி விடுமுறையில், நாத்தனார் குடும்பத்தோடு சேர்ந்து, ஈப்போ பக்கம் ஒரு ஹோம்ஸ்டே எடுத்தோம். பெயர் வேண்டாம். மூன்று அறை, அடுப்படி, துணி துவைக்கும் இயந்திரம், ஆளுக்குப் பங்கு போட்டால் காசு ரொம்பக் குறைவு. அத்தை வந்த அன்றைக்கே ரசம் வைத்து, நெத்திலி வறுத்து, பிள்ளைகளுக்குத் தயிர்ச்சோறு பிசைந்து கொடுத்தார். அந்தச் சௌகரியம் எந்த ஹோட்டலிலும் கிடைக்காது, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் விளம்பரப் படத்தில் "பூங்காவுக்கு 15 நிமிடம்" என்று போட்டிருந்த தூரம் விடுமுறை நெரிசலில் நாற்பது நிமிடம் ஆனது. இதில்தான் எல்லாம் கெட்டது. நீச்சல் குளத்திலிருந்து எடுத்த பிள்ளை காரில் ஐந்தாவது நிமிடமே தூங்கிவிடும். வீட்டு வாசலில் தூக்கும்போது விழித்துக்கொள்ளும். அந்த அரைத் தூக்கம் கெட்ட தூக்கம், அதற்கப்புறம் இரவு ஒன்பது வரைக்கும் யாருக்கும் நிம்மதி இல்லை. சாவி வைக்கும் பெட்டியின் எண் வேலை செய்யவில்லை, ஹோம்ஸ்டே உரிமையாளருக்கு நான்கு முறை போன் அடித்தோம், நான் அந்த நேரமெல்லாம் பதிமூன்று கிலோ பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றேன். அறைகள் மேல்மாடியில், மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு கிடையாது. குளியலறைத் தரையில் விரிப்பும் இல்லை, அத்தையின் கால் வழுக்கி, நல்ல வேளையாகக் கதவுப் பிடி கையில் சிக்கியது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. படங்களில் சுவரில் மாட்டிய பூங்கொத்து வரைக்கும் தெரிந்தது, படிக்கட்டு ஒரு படத்தில்கூட இல்லை. அதைக் கேட்காமல் விட்டது என் தவறு. இனி எங்கே பணம் கட்டுவதாக இருந்தாலும் படிக்கட்டையும் குளியலறைத் தரையையும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன்.

மூன்றாவது தடவை லாஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல். பூங்காவை ஒட்டியே இருக்கிறது, நடந்தே போகலாம். எங்களுக்கு எல்லாவற்றையும் மாற்றியது அந்த நடைதான்.

ஒன்றரை மணிக்குச் சின்னவனைத் துண்டில் சுற்றித் தூக்கினேன். அத்தை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அறைக்குப் போய், வெந்நீர் ஊற்றித் தலையைத் துவட்டி, மைலோ கலக்கிக் கொடுப்பதற்குள் அவன் என் மடியிலேயே சாய்ந்துவிட்டான், புட்டி வாயில், ஒரு கை என் தாலிக்கொடியைப் பிடித்தபடி. திரையை இழுத்துவிட்டோம். வெளியே சரியாக அந்த நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. மழைச் சத்தத்தில் மகளும் தூங்கினாள், அத்தையும் தூங்கினார், வீட்டுக்காரர் குறட்டை. நான் மட்டும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு மழை விட்டது, பிள்ளைகள் தானாக எழுந்தார்கள், மறுபடியும் தண்ணீருக்குப் போனோம். முதல் தடவை ஈரக் காரில் உட்கார்ந்திருந்த அதே ஒரு மணி நேரம்தான் இது.

இரவில் வெந்நீர் ஊற்று. தம்பூனின் விசேஷமே அதுதான், இயற்கையாகப் பூமிக்குள்ளிருந்து வருகிற சூடான நீர். சின்னப் பிள்ளைகளை இந்தச் சூட்டில் ஊற வைக்கக் கூடாது, நாங்கள் இருவருக்கும் பாதத்தை மட்டும் கொஞ்ச நேரம் நனைத்துவிட்டு எடுத்துவிட்டோம். அத்தை கரையில் உட்கார்ந்து கால்களை இறக்கினார். இரண்டு கையாலும் நீரை அள்ளி அள்ளி முழங்காலில் ஊற்றிக்கொண்டார், காய்ந்த ரப்பர்ப் பாலான ஒட்டுப்பாலைப் பிரித்துக் காய்த்துப்போன அந்தக் கைகளால். "ஏம்மா, விடியக்காலையில பெரட்டுக்குப் போன காலுக்கு இது கிடைச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் வேலைக்கு முன் பெயர் கூப்பிடுவது. பிள்ளைகளை முன்கூட்டியே தூங்க வைத்திருந்ததால்தான் அவருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைத்தது. காரில் வீடு திரும்ப வேண்டியிருந்தால் ஏழு மணிக்கே கிளம்பியிருப்போம்.

விலை ஹோம்ஸ்டேயைவிட அதிகம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் விலையைப் பார்க்கும்போது சேர்த்துப் பாருங்கள். அறையும் நுழைவுச்சீட்டும் சேர்ந்த பேக்கேஜ் இருக்கிறதா, பசியாறு, அதாவது காலைச் சாப்பாடு, எத்தனை பேருக்கு, பாட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா, போட்டிருக்கும் விலையில் வரி அடக்கமா? சேவை வரி 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. இரண்டு பெரியவர்களுக்கு என்று பதிந்துவிட்டு மூன்றாவது ஆளாக மாமியாரைக் கூட்டிப்போய்க் கவுண்டரில் நிற்காதீர்கள், அவருக்கு அது எவ்வளவு சங்கடம் என்று யோசியுங்கள். எங்கே தங்கினாலும் பதிவு செய்வதற்கு முன் ஒரு போன் போட்டுப் பேசுங்கள். லிப்ட் பக்கம் அறை வேண்டும், ஒரு கட்டிலையாவது சுவரோடு தள்ளிப் போட வேண்டும், குழந்தைத் தொட்டில் இருந்தால் இப்போதே எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அறைக்குள் போனதும் நான் முதலில் செய்வது தண்ணீர் சுட வைக்கும் கெத்தலின் வயரை மேசை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளுவது. இரண்டு வயதுக் கை எட்டும் உயரத்தில் அது எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும்.

பிள்ளை ஒன்றாம் ஆண்டு சேரும் வரைக்கும் நமக்குப் பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை. வார நாளில் போங்கள், அறையும் மலிவு, கூட்டமும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் பூங்கா மூடுவது உண்டு, அது எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பருத்திச் சட்டை, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பூங்காவில் இறங்க விடமாட்டார்கள், நீச்சலுக்கான லைக்ரா துணி வேண்டும். பாட்டிக்கும் ஒன்று வாங்கிவிடுங்கள், கடைத்தெருவிலேயே கிடைக்கும். நீச்சலுக்கான டயப்பர் தனியாக. பிள்ளையின் உயரத்தை வீட்டுச் சுவரில் அளந்துகொண்டு போனால் பெரிய சறுக்கின் வாசலில் நின்று அழ வைக்க வேண்டியதில்லை.

ஜொகூரில் இருக்கும் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்காவைப் பற்றியும் கேட்கிறார்கள். லெகோலேண்ட் ஹோட்டலில் நாங்கள் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரு இரவு தங்கினோம், சின்னவனை ஸ்கூடாயில் கொழுந்தன் வீட்டில் அத்தையோடு விட்டுவிட்டு. இஸ்கந்தர் புத்ரியில் அந்தப் பூங்கா 2012-இல் திறந்தது, 249 அறைகள் கொண்ட ஹோட்டல் அடுத்த வருடம் வந்தது. அங்கே அறையைக் கட்டியவர்கள் பிள்ளையை வளர்த்தவர்கள் என்று சொல்லுவேன். பெரியவர்களுக்கு ஒரு கட்டில், பிள்ளைகளுக்குத் தனி இடத்தில் அடுக்குக் கட்டில், அதன் அடியில் இழுத்துப் போடும் படுக்கை ஒன்று. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு நாம் பேசலாம், ஒரே அறையில் இருட்டில் கிசுகிசுக்க வேண்டியதில்லை. அறையில் ஒரு பூட்டிய பெட்டி இருக்கும், அறையைச் சுற்றித் துப்புகளை எண்ணிப் பார்த்துத்தான் அதன் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். என் மகள் தரையில் குப்புறப் படுத்து விரல் விட்டு எண்ணினாள், ஒரு தடவை தப்பு, மறுபடியும் முதலிலிருந்து. பூட்டு திறந்தபோது அவள் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்களிடம் நான் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன்.

ஆனால் இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். எண்ணத் தெரியாத பிள்ளைக்கு அந்த அறையின் அருமை தெரியாது. நாலு ஐந்து வயதுக்கு அப்புறம் போங்கள், வழியில் சிரம்பானிலோ மலாக்காவிலோ சொந்தக்காரர் வீட்டில் ஒரு இரவு இறங்கிப் போங்கள். கெந்திங் மலையில் 7,351 அறைகள் இருக்கும் ஹோட்டலைப் பற்றியும் ஒருவர் கேட்டார். ரெண்டு வயதுப் பையனையும் கால் வலிக்கும் மாமியாரையும் வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய இடத்துக்கு எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இந்த வருடம் மறுபடியும் தம்பூன்தான், இந்தத் தடவை இரண்டு இரவு. சாப்பாட்டுக்கு ஒரு வேளை ஈப்போ லிட்டில் இந்தியா போய் வாழை இலைச் சோறு, மற்ற வேளைக்கு ஹோட்டலிலேயே. திரும்பும்போது சாலையோரக் கடையில் பம்ளிமாஸ் வாங்க வேண்டும். போன தடவை அத்தை இரண்டு வாங்கி, ஒன்றைக் காரிலேயே உரித்து, வெள்ளைத் தோலைப் பிரித்துச் சுளை சுளையாகப் பின்னால் நீட்டிக்கொண்டே வந்தார். செம்மோர் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.