புளியரை ஏற்றத்தில் ராடு பிரேக் சைக்கிள்: மூன்று சாரல் கால அனுபவம்

செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவுக்குக் குழுவாகப் போக, 28 x 1½ அங்குலச் சக்கரமும் ராடு பிரேக்கும் (ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்) போட்ட பழைய சைக்கிள்களை மூன்று சாரல் காலம் ஓட்டியாயிற்று. பெயிண்டும் டைனமோவும் போட்டோவுக்கு. வண்டியை வீடு சேர்ப்பவை காட்டர் பின்னும் (கிராங்கை, அதாவது பெடல் கையை, பெடல் அச்சோடு இறுக்கும் சரிவான ஆணி) பிரேக் கட்டையும்தான்.

புது காட்டர் பின்னை அப்படியே அடித்தால் பெரும்பாலும் சரியாக உட்காராது. சரிவு முகத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, அச்சின் வெட்டில் முழுசாகப் படியவிடுங்கள். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் இறங்கணும். இல்லையென்றால் பெடல்கள் கோணிக்கொள்ளும். கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்தே அடிக்கவும். முட்டு இல்லாவிட்டால் அடி முழுக்க உள்ளே பேரிங் குண்டுகளில் இறங்கி, அவை உருளும் கப்பில் பள்ளம் விழும். நட்டை முறுக்கிப் பின்னை இழுக்கப் பார்த்தால் மரைதான் போகும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு அடி, இன்னொரு முறுக்கு. இதை விட்ட வண்டி ஏற்றத்தில் 'டொக் டொக்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பெடல் அச்சின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 11 குண்டு, கால் அங்குல அளவு. நாட்டிங்ஹாமில் செய்த ராலே சைக்கிளில் கப் மரை அங்குலத்துக்கு 26 சுற்று. மற்ற பிரிட்டிஷ் வண்டிகளில் பொதுவாக 24. ஒன்றின் கப்பை மற்றதில் போட்டு, 'ஏறிடும்' என்று யாராவது ஸ்பேனரை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குச் செயின் சக்கரத்தில் இருக்கும் மூன்று துப்பாக்கி முத்திரைமேல் தனிப் பெருமை உண்டு. நியாயம்தான்: இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்கு .303 பிரவுனிங் துப்பாக்கி செய்ததும் அதே கம்பெனி. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் சுழல் கூண்டுகளில் இருந்தது அந்த வகைதான்.

44 பல் செயின் சக்கரத்துக்குப் பின்சக்கரத்தில் 18 பல் ப்ரீவீல் தென்காசிச் சமவெளிக்குப் போதும். மலைக்கு 22 போடுங்கள். பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 5.4 மீட்டர் போன வண்டி 4.5 மீட்டர்தான் போகும், முழங்கால் பிழைக்கும். செயினில் ஒரு ஜோடிக் கண்ணி சேர்க்க நேரலாம்.

இறக்கம்தான் வம்பு. ராடு பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் பிடிப்பதால், பக்கவாட்டுக் கோட்டத்தைவிட மேடுபள்ளமே கெடுதல். பெண்டு எடுக்கும்போது அதை முதலில் பாருங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி. கட்டைக் கூட்டின் மூடிய முனை ரிம் சுழலும் திசையில் இருக்கணும். திருப்பி மாட்டினால் பிடித்தவுடன் ரப்பர் கழன்று விழும். நனைந்த குரோம் ரிம்மில் முதல் சில சுற்றுக்குப் பிடிப்பே இருக்காது. வளைவுக்கு வெகு முன்னாலேயே லேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைக்க வேண்டும். லாரி வரும் சாலை, முன்னால் போகும் வண்டிக்குப் பத்து சைக்கிள் நீளம் விடுங்கள்.

காற்று இறங்கினால் பஞ்சர் என்று டயரைக் கழற்றாதீர்கள். முதலில் வால்டியூப் (வால்வுக்குள் காற்றை அடைக்கும் சின்ன ரப்பர் குழாய்), வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். ஆளுக்கு நாலு துண்டு பையில் போதும்.