ரௌட்லெட்ஜின் மஞ்சள் அட்டை நாவல்கள்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் மலிவு விலையில் வந்த மஞ்சள் அட்டை நாவலை, அதாவது ‘யெல்லோபேக்’கை, கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அட்டைதான். சுமார் 18 செ.மீ. உயரம், வைக்கோல் அட்டைமீது ஒட்டிய பளபளப்பான மஞ்சள் தாள், முன்புறம் மரக்கட்டை அச்சில் வண்ணப் படம், பின்புறம் விளம்பரம். வெள்ளைத் தாள் சீக்கிரம் அழுக்காகிறது என்பதால் மஞ்சளுக்கு மாறியவர் அச்சுக்கலைஞர் எட்மண்ட் எவன்ஸ். விலை பெரும்பாலும் 2 ஷில்லிங். அப்போது மூன்று பாகங்களாக வந்த புதிய நாவல் 31 ஷில்லிங் 6 பென்ஸ்!

இந்த மலிவு விலையைச் சாதித்தவர்களில் முன்னோடி பதிப்பாளர் ஜார்ஜ் ரௌட்லெட்ஜ். 1812இல் வட இங்கிலாந்தின் பிராம்ப்டனில் பிறந்து, கார்லைலில் புத்தகக் கடையில் தொழில் பழகி, 1833இல் லண்டன் வந்தவர். ரயில் நிலையக் கடைகளை நம்பி மறுபதிப்புகளை அச்சடித்துக் குவித்தார். அன்றைய பிரபல நாவலாசிரியர் புல்வர் லிட்டனின் நாவல்களை 10 ஆண்டுகள் வெளியிட 20,000 பவுண்டு தர ஒப்புக்கொண்டது அசாத்தியத் துணிச்சல். ஒரே வார்ப்புத் தகட்டை (பக்கம் முழுவதையும் உலோகத்தில் வார்த்த அச்சுத் தகடு) திரும்பத் திரும்ப ஓட்டியதால் பிந்தைய பிரதிகளில் எழுத்து தேய்ந்து, முனை உடைந்திருக்கும். வாசிக்கக் கண் வலிக்கும்.

பல பிரதிகளில் ஆண்டே இருக்காது. நிறுவனப் பெயரை வைத்துத்தான் காலத்தைப் பிடிக்க வேண்டும். ‘ரௌட்லெட்ஜ் அண்ட் கோ’ என்றால் 1850கள். ‘ரௌட்லெட்ஜ், வார்ன் அண்ட் ரௌட்லெட்ஜ்’ என்றால் 1865க்கு முன். அந்த ஆண்டு கூட்டாளி ஃபிரெடரிக் வார்ன் பிரிந்துபோக, ‘அண்ட் சன்ஸ்’ வந்தது. ‘லிமிடெட்’ சேர்ந்திருந்தால் ரௌட்லெட்ஜ் 1888இல் காலமான பிறகு வந்த பிரதி. தலைப்புப் பக்கமும் அட்டையும் ஒரே பெயரைச் சொல்கின்றனவா என்றும் பாருங்கள். அச்சடித்து மிஞ்சிய தாள்களுக்குப் பின்னாளில் புது அட்டை போட்டு விற்பதும் அந்தத் தொழிலில் வழக்கம்தான்.

பலவீனம் முதுகில், அதாவது இரு அட்டைகளையும் இணைக்கும் பகுதியில். புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்குள்ள மெல்லிய தாள்தான் மடிந்து நிமிர்கிறது. அதனால் இரு ஓரங்களிலும் விரிசல் விட்டு, மேல்நுனி முதலில் உதிர்கிறது. விற்பவரிடம் முன்னட்டைப் படத்தோடு முதுகின் படமும் கட்டாயம் கேளுங்கள். செலோடேப் ஒட்டிய பிரதி வேண்டவே வேண்டாம்: பசை பழுப்பாகி உள்ளே இறங்கும், உரித்தால் வண்ணமும் சேர்ந்து வரும். அலமாரியிலிருந்து எடுக்கும்போது மேல்நுனியைப் பிடித்து இழுக்காமல், இருபுறமுள்ள புத்தகங்களைப் பின்னே தள்ளி நடுவில் பிடியுங்கள். முழுக்க விரித்து வைக்காதீர்கள்.

அட்டை ஓவியத்துக்காக என்றால் தாராளமாக வாங்கலாம். கதை மட்டும் போதுமென்றால் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக நூலகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யெல்லோபேக்குகளை மின்வடிவில் இலவசமாகவே தருகிறது.