ஏற்றத்துக்கு மட்டும் வாங்குங்க: ஹேண்டில்பார் கேமராவும் டைம்லாப்ஸும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு சைக்கிளில் ஏறுகிறவர்கள் என்னைப் பார்த்தால் முதலில் விசாரிப்பது ஹேண்டில்பாரில் இருக்கும் அந்தப் பெட்டியைத்தான். கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய ஆக்‌ஷன் கேமரா. கூடவே ஒரு கிளாம்ப், நெஞ்சில் மாட்டும் பெல்ட். பிராண்டைச் சொல்லப்போவதில்லை, இந்த விலையில் எதை வாங்கினாலும் குணம் கிட்டத்தட்ட இதுதான். இரண்டு விநாடிக்கு ஒரு போட்டோ தானாக எடுத்துக்கொண்டே வரும். வீட்டுக்கு வந்து அத்தனையையும் கோத்து வீடியோ ஆக்க வேண்டும். மணிக்கணக்கான பயணத்தைச் சில நிமிஷத்தில் ஓட்டிக் காட்டும் இதற்குத்தான் டைம்லாப்ஸ் என்று பெயர். ஏற்றத்துக்கு அருமை. இறக்கத்துக்குத் தண்டம்.

காரணம் வெறும் கணக்கு. பர்லியாறு தாண்டினால் என் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். கூட வருகிற பையன்கள் 12ல் போவார்கள், போகட்டும். 8 என்றால் இரண்டு விநாடிக்கு நாலரை மீட்டர்கூட நகராது. ஒரு கொண்டை ஊசி வளைவை முடிப்பதற்குள் பத்துப் படமாவது விழுந்துவிடும். ஓட்டிப் பார்த்தால் மலை மெதுவாகத் திரும்பி, சற்றுமுன் ஏறி வந்த ரோடு கீழே தெரியும். அதே ரோட்டில் இறங்கும்போது நேர்ப்பகுதியில் 36ல் வருகிறோம். இரண்டு படத்துக்கு நடுவில் 20 மீட்டர் காணாமல் போகிறது. வளைவுக்கு இரண்டு மூன்று படம்தான். பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும், பஸ்ஸில் வாந்தி எடுக்கிற ஆளுக்குச் சொல்லவே வேண்டாம். அரை விநாடிக்கு மாற்றினால் சரியாகும் என்பார்கள். ஓரளவு சரிதான், ஆனால் அப்போது மெமரி கார்டு நாலு மடங்கு வேகத்தில் நிறையும்.

கேமராவிலேயே டைம்லாப்ஸ் வீடியோ என்று ஒரு வசதி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அதில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்துவிடும். எனக்கு நடுவில் உள்ளதை உருவ வேண்டும். மலை ரோட்டில் பாதி நேரம் முன்னால் தெரிவது லாரியின் பின்கதவு. போட்டோவாக இருந்தால் அந்தப் படங்களை அழித்துவிட்டு மேலே போகலாம், ஒரு சின்னத் தாவல்தான் தெரியும். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2014ல் சைக்கிள் ஓட்டும்போதும் பாறை ஏறும்போதும் எடுத்த வீடியோக்களை வழவழப்பாக்கிக் காட்டினார்கள். கேமரா போன பாதையையே கணினியில் மறுபடி உருவாக்கி, அதைச் சீராக்கிச் செய்த பெரிய வேலை அது. நான் டீத்தூள் சலிக்கிற மாதிரி கையால் சலிக்கிறேன். டீ ஃபேக்டரி நைட் ஷிஃப்டில் இருப்பவனுக்கு அதற்குப் பொறுமை உண்டு.

கிளாம்ப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் சொல்வதில்லை. கூடவே வரும் ரப்பர் மெல்லியது. பழைய டியூபை வெட்டி இரண்டு சுற்று சுற்றினால்தான் அசையாது. பெடலில் எழுந்து நின்று மிதித்தால் ஹேண்டில்பார் இடம் வலம் ஆடும், அடிவானமும் சேர்ந்து ஆடும். படம் வேண்டுமென்றால் சீட்டில் உட்கார்ந்தே ஏறுங்கள். வளைவில் மட்டும் ஹேண்டில்பார்தான் நல்லது. நாம் திரும்புவதற்கு முன்பே அது உள்பக்கம் எட்டிப் பார்த்துவிடும். நெஞ்சு பெல்ட்டில் ஆட்டம் குறைவு, ஆனால் குனிந்து மிதிக்கும்போது முன் சக்கரம்தான் விழும். கேமராவை நன்றாக மேல்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள்.

வெளிச்சம் மாறினால் இந்தக் கேமரா திணறுகிறது. கல்லாறு பாக்குத் தோப்புக்குள் இருட்டு, படம் கலங்கும். அதனால் விடிவதற்கு முன்னால் கிளம்பும் யோசனையே வேண்டாம், அது யானை கடக்கிற இடமும்கூட. காட்டேரிப் பூங்கா பக்கம் தேயிலைச் சரிவு வந்ததும் வானம் வெளுத்துப் போகும். நிழலும் வெயிலும் மாறி மாறி வருவதால் வீடியோ மினுமினுக்கும். பனிமூட்டம் மட்டும் விதிவிலக்கு. தனிப்படமாகப் பார்த்தால் வெறும் வெள்ளைத்தாள். கோத்துப் பார்த்தால் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து ரோட்டை மூடுவது தெரியும். இந்தக் கேமராவுக்குக் கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது.

படங்களைக் கோப்பதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற கணினி மென்பொருள். இலவசம். 2000ல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கியது, இன்றுவரை ஆள்கள் மெருகேற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பட்டன் கிடையாது, கட்டளையை டைப் செய்ய வேண்டும். டீஃப்ளிக்கர் என்ற வடிகட்டி மினுமினுப்பைக் குறைக்கும். விட்ஸ்டாப் என்ற இன்னொன்று ஆட்டத்தைக் குறைக்கும், பதிலுக்கு ஓரங்களைத் தின்னும். நம் படம் 4000க்கு 3000 புள்ளி, 4கே வீடியோவுக்கு 3840க்கு 2160 போதும். அதனால் உயரத்தில் 840 புள்ளி கையிருப்பு. அதை வைத்துத்தான் பிரேக் கேபிளை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளுகிறேன். அகலத்தில் மிச்சம் 160தான், பக்கவாட்டு ஆட்டத்துக்கு அது எந்த மூலைக்கு?

மூன்று மணி நேர ஏற்றத்துக்கு 5400 படம். விநாடிக்கு 30 என்று ஓட்டினால் மூன்று நிமிஷம். படத்துக்கு 5 எம்பி வைத்தாலும் 27 ஜிபி, ஆக 64 ஜிபி கார்டு தாராளம். கோப்பு எண் 9999 தொட்டதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கி வேறு ஃபோல்டருக்குப் போகும். இரண்டு நாள் படங்களை ஒரே இடத்தில் கொட்டினால் வரிசை குழம்பும், எடுத்த நேரத்தை வைத்துப் பெயர் மாற்றிவிட்டுக் கோத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி அடிவாரத்தில் காட்டும் தெம்பை மேலே காட்டாது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உதிரி ஒன்றைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறேன், குன்னூர் வரை தாங்குகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் உதிரி பேட்டரியும் சேர்த்துக் கேளுங்கள், இல்லையென்றால் ஐந்நூறாவது குறைக்கச் சொல்லுங்கள்.