கலர் செட் என்று 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு கறுப்பு வெள்ளை நகல் அனுப்புகிறார்கள், உஷார்!

காமிக்ஸ் வாங்குகிற நண்பர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். சமூக வலைத்தளத்தில் பழைய காமிக்ஸ் விற்கிற ஒரு பக்கம் என்னிடம் 2,800 ரூபாயைச் சுருட்டிவிட்டது. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் விடுவார்களாம், அதனால் போடவில்லை.

கேட்டது அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர் ஜீன் லுவென் யாங்கின் 'பாக்ஸர்ஸ் அண்ட் செயின்ட்ஸ்', 2013இல் வந்த இரண்டு பாகம். 1900 வாக்கில் சீனாவில் வெளிநாட்டவரையும் கிறிஸ்தவர்களையும் எதிர்த்து நடந்த பாக்ஸர் கிளர்ச்சிதான் கதை. கிராமத்துப் பையன் பாவோ குங்ஃபூ கற்கிறான், சடங்கு செய்தால் அவன் கூட்டத்தார் மேல் சீன ஓபரா தெய்வங்கள் இறங்கும். அவன் மேல் இறங்குவது சீனாவை முதலில் ஒன்றாக்கிய பேரரசன் சின் ஷி ஹுவாங். நிஜ பாக்ஸர்களும் சாமி இறங்கினால் குண்டு துளைக்காது என்று நம்பித்தான் துப்பாக்கி முன்னால் போய் நின்றார்கள்.

விற்றவர் இதையெல்லாம் என்னைவிட நன்றாகப் பேசினார். "சகோ, நானும் ரசிகன்தான், காசு முடை, அதான் கொடுக்கிறேன்" என்றார். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பினார். பாதி முகம் இதில், பாதி முகம் அதில், சேர்த்தால் ஒரே முகம். அசல் கையில் இல்லாதவன் இப்படி எடுக்க முடியாது என்று நம்பி யுபிஐயில் 2,800 போட்டேன்.

வந்தது ஒரே ஒரு பாகம். அதுவும் கறுப்பு வெள்ளை நகல், நடு மடிப்பில் வசனம் பாதி காணோம். இந்தப் புத்தகத்துக்கு நிறம்தான் உயிர். மங்கலான கிராமத்து ஆட்கள் திடீரென்று பளபளவென்று தெய்வமாக மாறுவதைச் சாம்பல் மையில் எப்படிப் பார்ப்பது? எதிர்ப்பக்கத்தில் கிறிஸ்தவளாக மாறிய பெண்ணின் கதை சொல்லும் இரண்டாம் பாகம் வரவே இல்லை. அது இல்லாமல் பாவோ செய்த கொலைகளுக்கு அர்த்தமே வேறாகிவிடும்.

கேட்டேன். "குரியர்ல மாறியிருக்கும்" என்றார். பிறகு "கலர்னு நான் சொல்லவே இல்லையே சகோ" என்றார். சொன்ன மெசேஜை எடுத்துக் காட்டினால், "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா?" அடுத்து நீல டிக் மட்டும். பதிவுக்குக் கீழே எழுதினேன், அழித்துவிட்டு பிளாக் செய்துவிட்டார்கள். என் 2,800 ரூபாய்க்கு இதுதான் மரியாதை! அதே அட்டைப் படத்தைப் போட்டு இன்றைக்கும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எதில் எல்லாம் கவனம் வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அட்டைப் படத்தை நம்பாதீர்கள், உள்பக்கங்களைப் புரட்டி வீடியோ கேளுங்கள், அந்த வீடியோவிலேயே உங்கள் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணமும் முன்னால் போடாதீர்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள், நான் புகார் கொடுத்துவிட்டேன். இதே அட்டைப் படம் உங்களுக்கும் வந்திருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், புகாரில் சேர்க்க வேண்டும்.