பழைய காதலன், ஏரிக்கரை, ஒரு செத்த வீடு

மே மாதம் பிறந்தால் இங்கே கனடாவில் புத்தகக் கடைகளின் முன்மேசை நீலமாகிவிடும். நீலத் தண்ணீர், மரப்பலகைத் துறை, தொங்கப்போட்ட கால்கள், முகம் காட்டாத ஒரு பெட்டையும் பெடியனும். அட்டைகளை மாற்றிப் போட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளே இருக்கிற கதையும் அநேகமாக ஒன்றுதான். ஒரு காலத்தில் உயிராய் இருந்த இரண்டு பேர் பிரிந்து போகிறார்கள், பல வருசம் கழித்து ஒரு கோடையில் திரும்பக் காண்கிறார்கள், கடைசியில் சேருகிறார்கள். "முடிவு தெரிஞ்ச கதையைக் காசு குடுத்து வாங்குறியே, உனக்கென்ன விசரே அக்கா?" என்று என் தங்கச்சி கேட்பாள். அவள் துப்பறியும் கதை வாசிக்கிறவள். கொலைகாரன் கடைசியில் பிடிபடுவான் என்று தெரிந்துகொண்டுதான் அவளும் சாமம் தாண்டியும் லைற்றை அணைக்காமல் கிடக்கிறாள்.

பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிற எனக்கு, மத்தியானம் கிடைக்கிற அரை மணித்தியாலத்துக்கு இதைவிடத் தோதான சாமான் இல்லை. இந்த வகையில் முதலில் எதை வாசிக்கலாம் என்று கேட்கிறவர்கள் கையில் நான் கொடுப்பது, கார்லி ஃபோர்ச்சூன் எழுதி 2022இல் வந்த 'எவ்ரி சம்மர் ஆஃப்டர்'. பத்திரிகைத் துறையில் இருந்தவரின் முதல் நாவல் அது. அதற்குப் பிறகு அவர் எழுதியவையும் நல்லாய்த்தான் விற்கின்றன. எனக்கு இன்னும் முதலாவதுதான் மேல்.

பேர்சி ரொறன்ரோவில் சஞ்சிகை வேலை பார்க்கிற, முப்பதைத் தொட்ட பெண். பன்னிரண்டு வருசமாகத் தொடர்பே இல்லாத ஒரு வீட்டிலிருந்து அவளுக்குத் தொலைபேசி வருகிறது. எடுத்தவன் சார்லி. தாய் சூ இறந்துவிட்டாள் என்று சொல்கிறான். சார்லியின் தம்பி சாம்தான் பேர்சியின் பழைய ஆள். அவள் காரை எடுத்துக்கொண்டு பேரிஸ் பேக்குப் போகிறாள். அங்கே அந்த ஒரு வார இறுதி நடந்துகொண்டிருக்க, இடையிடையே ஆறு கோடைகள் பின்னோக்கி விரிகின்றன. பதின்மூன்று வயதில் அவளுடைய தாய் தகப்பன் ஏரிக்கரையில் கொட்டேஜ், அதாவது கோடை விடுமுறை வீடு, வாங்கியது, பக்கத்து வீட்டில் தகப்பனை இழந்த இரண்டு பெடியன்கள், அதில் இளையவனோடு வந்த கூட்டு, அது மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியது.

பேரிஸ் பே கற்பனை ஊர் இல்லை. ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே நாலு மணித்தியாலத்துக்குக் கிட்டின ஓட்டம், கமனிஸ்கெக் ஏரியின் கரையில். பணக்காரரின் மஸ்கோக்கா போல ஆடம்பரமான இடம் அல்ல. பக்கத்தில் இருக்கிற வில்னோதான் கனடாவில் போலந்துக்காரர் முதன்முதலில் ஊராகக் குடியமர்ந்த இடம். கார்லி இந்தப் பக்கம் வளர்ந்தவர், அது எழுத்தில் தெரிகிறது. சூ ஊருக்குள் ஒரு உணவகம் நடத்துகிறாள். அங்கே பெயர்போன சாப்பாடு பியரோகி: மாவைத் தட்டி, உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து மடித்து அவிப்பது, எங்கட கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வையுங்களேன். கோடையில் கூட்டம் தாங்காது. பிள்ளைகள் எல்லாருக்கும் அங்கேதான் வேலை. காதல் கதைகளில் ஆட்களுக்கு வேலைவெட்டி இருப்பது அரிது. இங்கே அது வியர்த்து வழிகிற வேலை.

இந்தக் கதைக்குக் கோடை ஏன் வேண்டியிருக்கிறது என்று எனக்கு மெல்லத்தான் விளங்கியது. கனடாவில் ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டினால் செப்டெம்பர் முதல் திங்கள் வருகிற தொழிலாளர் தினத்தோடு எல்லாம் முடிந்தது. துறையை இழுத்துக் கரையில் போடுவார்கள், குழாய்த் தண்ணீரை வடிப்பார்கள், கதவைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே பேர்சியும் சாமும் பெரும்பாலும் வருசத்தில் இரண்டு மாதம்தான் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். மிச்சப் பத்து மாதத்தைக் கதாசிரியர் வெட்டி எறிந்துவிடலாம். அடுத்த அத்தியாயம் திறக்கும்போது பெடியன் ஒரு முழம் வளர்ந்து நிற்கிறான், குரல் உடைந்திருக்கிறது, இவளுக்கு என்ன கதைப்பது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் தினமும் பார்க்கிற பிள்ளை வளர்வது கண்ணுக்குத் தெரியாதல்லவா. விட்டு விட்டுப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

எங்கட இலக்கணத்தில் இது தலைகீழ். வேனில் என்றால் பாலை, பாலை என்றால் பிரிவு. பொருள் தேடப் போகிறவன் வெயிலில்தான் புறப்படுவான், மழை தொடங்கமுன் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு. அவள் முல்லை பூத்ததைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். ஒன்ராறியோவில் வெயில் காய்ந்தால் வருவார்கள், இலை பழுத்தால் போவார்கள். வெயிலைப் பற்றி எங்களுக்கு இருக்கிற எண்ணத்தை இந்த நாட்டுக்காரரிடம் விளங்கப்படுத்த ஏலாது. குளிர்காலம் ஒன்றைக் கழித்துப் பார்த்த பிறகு, அவர்கள் ஏரியில் குதிக்கிறபோது ஏன் அப்படிக் கூச்சல் போடுகிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஒரு சின்ன விசயத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பேர்சி தையல் நூல்களைப் பின்னிக் கைக்காப்பு செய்கிறவள். சாமுக்கும் ஒன்று பின்னிக் கட்டிவிடுகிறாள். அதற்குப் பிறகு ஏதாவது சத்தியம் பண்ண வேண்டி வந்தால், ஒருவர் மற்றவரின் காப்பில் விரலைக் கொழுவி ஒரு இழுவை இழுப்பார்கள். அவ்வளவுதான் சத்தியம். கட்டிப்பிடிப்பு, முத்தம் எதுவும் வருவதற்கு எவ்வளவோ முன்பே இந்த இழுவை வந்துவிடுகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தொட்டுக்கொள்ள ஒரு சாட்டு வேண்டும். நூலைத் தொடுவது ஆளைத் தொடுவது ஆகாதல்லவா. இந்த வகை எழுத்தாளர் பலருக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. இரண்டாம் அத்தியாயத்திலேயே மின்சாரம் பாய்ச்சிவிடுவார்கள்.

எங்கட மாத நாவல்களில் காதலரைப் பிரிப்பதற்கு வெளியிலிருந்து ஒரு ஆள் வருவார். அத்தை மகள் கடிதத்தை ஒளிப்பாள், மாமியார் பொய் சொல்லுவார். உண்மை வெளிவந்ததும் கதை சரி, ஒருத்தரும் ஒருத்தரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. இங்கே பிரித்தது அவர்களேதான். பேர்சி தன் கையால் ஒன்றைச் செய்தாள், அதைச் சொல்லாமல் ஓடினாள். என்ன செய்தாள் என்பதுதான் புத்தகத்தை நகர்த்துகிற கேள்வி. சேருவார்களா என்பது இல்லை. துப்பறியும் கதை என்று தங்கச்சியிடம் நான் வாதாடுவது இதை வைத்துத்தான்.

ஆனால் இந்த நாவல் எனக்குள் இறங்கியதற்குக் காரணம் காதல் மட்டுமில்லை. அது செத்த வீட்டில் தொடங்குகிறது. கலியாண வீட்டுக்கு அழைப்பு வேண்டும். செத்த வீட்டுக்கு வேண்டாம். கேள்விப்பட்டால் போகலாம், போகத்தான் வேண்டும், கோபதாபம் எல்லாம் வாசலில். பேர்சிக்கு அந்த ஊருக்குள் திரும்பக் கால்வைக்க உலகத்தில் வேறு ஒரு சாட்டும் கிடையாது. சூ உயிரோடு இருக்கும்வரை அவளுக்கு முகம் இல்லை. சூ போனபிறகுதான் கதவு திறக்கிறது. இவளுக்குச் சமைத்துப் போட்ட, வேலை பழக்கிய பெண் அவள். காதலனிடம் மன்னிப்புக் கேட்கலாம், தாயிடம் கேட்க இனி ஏலாது. நாவல் அதை உரத்துச் சொல்வதில்லை. எனக்கு அழுகை வந்த இடங்கள் எல்லாம் சூவைச் சுற்றித்தான்.

நாடு நாடாகச் சிதறிக் கிடக்கிற எங்கட ஆக்களுக்கு இதைப் பிரித்துச் சொல்லத் தேவையில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் ஒரு மரணச் சடங்கு மண்டபத்தில் என் சிநேகிதியின் பெரியம்மாவுக்குக் கிரியை நடந்தது. மொன்றியலில் இருந்து ஒருவர் வந்திருந்தார். ஒரு காலத்தில் சிநேகிதிக்குக் கலியாணம் பேசி, சரிவராமல் போன இடம். சரிவராமல் போனதற்கு இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. வரிசையில் கடைசியாக நின்று, குளிருக்குப் போட்ட கையுறையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, கிட்ட வந்து தலையை மட்டும் ஆட்டினார். அவள் "சாப்பிட்டீங்களோ?" என்றாள். "ஓம், வழியில" என்றார். மண்டபத்தில் பாதிப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள், அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. நாவலில் என்றால் அந்த இடத்தில் முப்பது பக்கம் வந்திருக்கும். இவ்வகை நாவல்களை நான் வாசிப்பதே அந்த முப்பது பக்கத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

கவனித்தால் மற்றவற்றிலும் ஏதோ ஒரு சாவு உள்ளே இருக்கிறது. கார்லியின் இரண்டாவது நாவல் 'மீட் மீ அட் த லேக்' 2023இல் வந்தது. தாய் இறந்து, மஸ்கோக்காவில் இருக்கிற குடும்ப விடுதி ஃபேர்னின் தலையில் விழுகிறது. துறையில் வந்து சந்திப்பதாகச் சொல்லி வராமல் விட்டவன் ஒன்பது வருசம் பிந்தி அந்த விடுதிக்குப் பெட்டியோடு வந்து நிற்கிறான். அதே வருசம் வந்த எமிலி ஹென்றியின் 'ஹாப்பி பிளேஸ்' அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் நடக்கிறது. பிரிந்துவிட்ட சோடி சிநேகிதருக்காகச் சேர்ந்திருப்பதுபோல் நடிக்கிறது. பிரிவுக்குப் பின்னால் பெடியனின் தகப்பனுடைய சாவு நிற்கிறது. இவர்களுக்கெல்லாம் பாட்டி முறையானது ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்', அவர் இறந்த 1817ஆம் ஆண்டுக் கடைசியில் அச்சானது. அதில் எட்டு வருசப் பிரிவு. ஆனால் வெயில் கிடையாது. கடற்கரைக்குப் போவதே நவம்பரில். தகப்பன் கடன்பட்டு வீட்டை வாடகைக்கு விட, குடிவந்தவரின் மச்சானாக வந்து சேருகிறான் பழைய காதலன். சாவு, இல்லாவிட்டால் கடன். பழைய ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற சக்தி இந்த இரண்டுக்கும் இருப்பது எங்களுக்குத் தெரியாததா.

குறை இல்லாமல் இல்லை. ஆறு கோடைகளுக்கு இருக்கிற அழகு அந்த வார இறுதிக்கு இல்லை. தாயைப் பறிகொடுத்த கையோடு சாம் இவளைப் பார்க்கிற பார்வைகளைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். சாமுக்கு இப்போது வேறொரு காதலி இருக்கிறாள். அவளுக்குக் கதையில் மரியாதையான இடம் கிடைக்கவில்லை, வழியில் நிற்கிற கதிரையை நகர்த்துவது மாதிரி நகர்த்திவிடுகிறார்கள். முடிச்சு அவிழ்ந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, பேர்சி மேல் அல்ல, பன்னிரண்டு வருசம் என்ற கணக்கின் மேல். இரண்டு வருசம் என்றால் நம்பியிருப்பேன். தொலைபேசி கண்டுபிடித்து எவ்வளவு காலம்! ஆனால் மொன்றியல்காரரை நினைத்தால் அதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. இந்த நாவல்களில் வருகிற ரொறன்ரோவில் எங்கட ஸ்காபரோவை நான் காணவில்லை. ஏரிக்கரையில் எங்கட ஆக்களும் இல்லை. நிசத்தில் நாங்கள் ஜூலையில் வாடகைக்கு எடுக்கிற கொட்டேஜ் ஒன்றில் நாலு குடும்பம் படுக்கும். இடியப்பத் தட்டு, சம்பல் போத்தல், பெரிய சோற்றுப் பானை எல்லாம் காரில் ஏறும். மச்சான் துறையில் தூண்டிலோடு காலமை ஐந்து மணிக்கே குந்திவிடுவார், மாமி நுளம்புக்குப் பயந்து கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்து ஏரியைப் பார்ப்பா, இளசுகள் இரண்டு பேர் வள்ளத்தை எடுத்துக்கொண்டு அளவுக்கு மீறிய தூரம் போய்விடுவார்கள். கதை அங்கேயும் நடக்கிறது. எழுத ஒருத்தர் வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு: படுக்கையறைக் காட்சிகள் உண்டு, மூடி மறைக்காமல். அட்டையைப் பார்த்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆங்கிலம் இலகு, சங்கடப்படாமல் ஓடும். நூலகத்தில் எடுக்க நினைக்கிறவர்கள் பங்குனியிலேயே பெயரைப் பதிந்து வையுங்கள், வெயில் வந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆசை வரும். விமானத்தில் வாசிக்கலாம், ஆனால் சூவின் பகுதிகளைப் பக்கத்துச் சீற்காரர் பார்க்கிற இடத்தில் வைத்து வாசிக்க வேண்டாம். தாயைப் புதிதாகப் பறிகொடுத்தவர்கள் ஒரு வருசம் போகட்டும் என்று விடலாம். சார்லியைப் பிடித்துப்போனவர்களுக்கு அவனுக்கென்றே 2025இல் 'வன் கோல்டன் சம்மர்' வந்திருக்கிறது. இதை முடிக்காமல் அதைத் திறக்காதீர்கள், சாமும் பேர்சியும் என்ன ஆனார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.